ஒற்று மிகுந்த தீர்ப்பு

கதிரவன் மரத்தின் உச்சியளவு ஏறியிருந்த அவ்வேளையில், ஆற்றை நோக்கி நின்ற உயர் நீதிமன்றத்தின் செங்கல் மாடங்களின்மீது வெயில் மெல்ல இறங்கி, மணிக்கூண்டின் முகத்தைத் துடைத்து, நெடிய தாழ்வாரங்களின் கற்றரையில் தூணுக்கொரு நிழலைக் கிடத்தி, பூட்டிய கதவுகளின் பித்தளைப் பிடிகளில் சென்று தங்கிற்று. கூட்டுவோர் தம் பணி முடித்து விளக்குமாறுகளைச் சுவரில் சாய்த்திருந்தனர். வழக்குக் கட்டுகளை ஏற்றிய தள்ளுவண்டிகள், ஒரு சக்கரம் மட்டும் முனகும் பழைய பழக்கத்தை விடாமல், மன்றம் மன்றமாக நின்று நின்று நகர்ந்தன. கழுத்துப் பட்டையைக் கட்டிக்கொண்டே விரைந்த இளம் வழக்குரைஞர்களும், அதைக் கையில் பிடித்தபடி நிதானமாக நடந்த மூத்த வழக்குரைஞர்களும், நேற்று வென்றவரும் நேற்றுத் தோற்றவரும், வாயிலோரத் தேநீர்க் கடையில் தோளோடு தோள் நின்று ஊதி ஊதிக் குடித்தனர். பூசலைத் தீர்ப்பதற்கென்றே எழுப்பிய கட்டடம் இத்தனை கலகலப்பாக இருக்குமென்பதை, காலை ஒன்பது மணிக்கு அதைப் பாராதவர் நம்பமாட்டார்.

கற்றோரே, அக்கூட்டத்தை விட்டு நான்காம் மன்றத்தின் பின்னறைக்குள் வருக. மூன்று சுவர்களில் கூரைவரை நூல்கள்; நான்காம் சுவரில் ஒரு சாளரமும், அதனடியில் அகன்ற மேசையும், மேசைமேல் பச்சைக் கண்ணாடி மூடிய விளக்கும். மேலங்கி கொக்கியில் தொங்கிக்கொண்டிருக்க, அதற்குரிய நீதியரசி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். அறுபத்திரண்டாம் அகவை நிறைவதற்கு இன்னும் ஐந்து நாள் இருந்தது. பதவி முடிவதற்கும் அதே ஐந்து நாள்தான்.

அவர் பிறந்த வீடு இந்த நீதிமன்றத்துக்கு இரண்டு தெரு தள்ளி இருந்தது. தந்தை தையற்காரர், வழக்குரைஞர்களுக்குக் கறுப்பு மேலங்கி தைப்பதையே தொழிலாகக் கொண்டவர். நாடே நடுங்கிய நாவலர் ஒருவரின் அளவை எடுத்துவிட்டு வந்து, "வாய்தான் அவருக்குப் பெருசு, தோள் சின்னதுதான்" என்று அவர் வீட்டில் சொன்னதைக் கேட்டு வளர்ந்த மகளுக்கு, எவர் முன்னும் அஞ்சும் வழக்கம் வாய்க்காமலே போயிற்று. சட்டம் பயின்றார், மேலங்கி அணிந்தார், முதல் ஏழு வழக்குகளில் தோற்றார், எட்டாவதில் எதிர்த்தரப்பு வராமையால் வென்று, அதைக் கொண்டாட வீட்டார் அனைவரையும் படத்துக்கு அழைத்துச் சென்றார். பின்னர் வந்த வெற்றிகளுக்குக் கணக்கில்லை. ஆயினும் அந்த எட்டாவது வெற்றியின் மகிழ்ச்சியை எதுவும் எட்டவில்லை என்று அவரே சொல்வதுண்டு.

ஐம்பத்தோராம் அகவையில் நீதியரசியாக அமர்ந்தபோது அவர் தமக்கெனக் கைக்கொண்ட முறை ஒன்று உண்டு. இருதரப்பு வாதமும் முடிந்த அக்கணமே, திறந்த மன்றத்தில், எல்லார் செவியும் கேட்க, கண்ணை மூடிக்கொண்டு தீர்ப்பை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சொல்லி முடிப்பார். ஏடு பார்ப்பதில்லை, குறிப்பு எடுப்பதில்லை. "கண்ணை மூடிட்டாங்க, இனி நம்ம கையில ஒண்ணும் இல்ல" என்று வழக்குரைஞர்கள் கட்டுகளைக் கட்டத் தொடங்குவர். சொல்லச் சொல்ல அதைச் சுருக்கெழுத்தில் பிடிப்பவர் ஒருவர். பதினோராண்டும் அவர் ஒருவரே. விரைவு கண்டு மன்றத்தார் அவருக்கு 'மின்னல்' என்று பட்டப்பெயர் இட்டிருந்தனர். நீதியரசி இருமினால் அந்த இருமலுக்கும் ஒரு கோடு போட்டுவிடுவார் என்பது தாழ்வாரத்துப் பேச்சு. தாம் பிழை செய்ததே இல்லையென்று மின்னல் சொல்லிக்கொள்வதில்லை. பிறர் சொல்லும்போது மறுப்பதுமில்லை.

நீதியரசிக்கும் ஒரு பட்டப்பெயர் இருந்தது. பதவியேற்ற இரண்டாம் ஆண்டிலிருந்தே நாளேடுகளும் மேடைகளும் அவரை 'மக்கள் நீதியரசி' என்று அழைக்கத் தொடங்கின. ஏனென்று அவர் கேட்டதில்லை. எளிய சொல்லில் தீர்ப்புரைப்பதால் இருக்கலாம், ஏழைகளிடம் கடுகடுக்காததால் இருக்கலாம் என்று தாமே இரண்டு காரணங்களை வைத்துக்கொண்டு, உள்ளுக்குள் கொஞ்சம் பூரித்துக்கொண்டும் இருந்தார். புகழ்ச்சிக்குக் காரணம் கேட்டு விசாரிக்கும் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? வழியனுப்பு விழாவின் அழைப்பிதழிலும் அப்பெயரே பொன்னெழுத்தில் இருந்தது.

அன்று காலை நெற்றியில் கண்ணாடியைக் கண்டெடுத்து அவர் படித்த முதல் தாள் ஒரு விண்ணப்பம். கால்நடை மருத்துவரான ஒரு பெண்மணி, வழக்குரைஞர் எவரையும் அமர்த்தாமல், தம் கையாலேயே ஒரு பக்கத்தில் எழுதியிருந்தார். பதினோராண்டுக்கு முன் இம்மன்றம் தந்த தீர்ப்பின் கடைசி வரியில் ஓர் ஒற்றெழுத்து கூடுதலாக விழுந்திருக்கிறது, அதை நீக்கித் தரவேண்டும் என்பதே வேண்டுகோள். இணைத்திருந்த படியைப் புரட்டிய நீதியரசி கடைசி வரியை ஒருமுறை படித்தார், மறுமுறை படித்தார், பிறகு மணியை அழுத்தினார்.

மின்னல் குறிப்பேடும் கரிக்கோலுமாக வந்து நின்றார்.

"உக்காருங்க. இந்த வரியைக் கொஞ்சம் படிங்க."

"'ஆதலின் இத்தோட்டம் மக்களுக்கே உரியது.' ரொம்பப் பேர் வாங்கின தீர்ப்பும்மா இது. சட்டக் கல்லூரியில பாடமாவே வச்சிருக்காங்க."

"பாடமா வச்சிருக்காங்களா?"

"உங்களுக்குத் தெரியாதா? உங்க பட்டமே இதுலேர்ந்து வந்ததுதானே."

நீதியரசி அந்தப் படியைத் தம் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு, "மின்னல், நான் சொன்னது மக்களுக்கு இல்ல, மகளுக்கு. மகளுக்கே உரியதுன்னு சொன்னேன்" என்றார்.

மின்னலின் முகம் வெளுத்த வெளுப்பை எழுத அவருடைய சுருக்கெழுத்திலும் கோடு கிடையாது. எழுந்தார்; ஓடினார்; தாம் எழுதிய குறிப்பேடுகள் அத்தனையையும் எண்ணிட்டு அடுக்கிவைத்திருந்த நிலைப்பேழையிலிருந்து ஒன்றை உருவிக்கொண்டு, உருப்பெருக்கும் கண்ணாடியோடு திரும்பினார். அவருடைய எழுத்துமுறையில் அவ்விரு சொல்லுக்கும் உருவம் ஒன்றே. நடுக்கோட்டை அழுத்தி இழுத்தால் மகள்; மெலிதாய் விட்டால் மக்கள். குறிப்பேட்டின்மேல் கவிழ்ந்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, மூச்சை அடக்கி அவர் நெடுநேரம் பார்த்தார்.

"என்ன தெரியுது?"

"நடுவுல இருக்கும்மா" என்றார் மின்னல், அழாக்குறையாக. "அழுத்தின மாதிரியும் இருக்கு, அழுத்தாத மாதிரியும் இருக்கு. பென்சில் தேய்ஞ்சிருக்கும். என் தப்புதான். நான் எழுதிக் குடுத்துடறேன்."

"தட்டச்சு பண்ணது நீங்க. கையெழுத்துப் போட்டது யாரு?"

பதினோராண்டுக்கு முன் தட்டச்சுத் தாள் வந்தபோதே அடுத்த வழக்கு அழைக்கப்பட்டுவிட்டது. நீட்டிய தாளில், மின்னல் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையில், படிக்காமலே கையொப்பமிட்டது நீதியரசிக்கு நன்றாக நினைவிருந்தது.

இனி அந்தப் பழைய வழக்கைச் சுருங்கச் சொல்லிவிடுவது முறை. தொலைவிலுள்ள ஒரு சிற்றூரின் நடுவே பரந்த தோட்டமொன்று வைத்திருந்த பெரியவர் ஒருவர், தம் இறுதி விருப்பத்தை எழுதிய ஏட்டில், 'நட்டும் நீர் ஊற்றியும் என்னோடு இதை வளர்த்த என் பிள்ளைக்கு' என்று குறித்துவிட்டுக் கண்மூடினார். அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். பிள்ளை என்றால் ஆண்பிள்ளைதான் என்றார் மகன். மன்றக் கூண்டில் ஏறி, "எங்கப்பாவுக்கு ஒரே பிள்ளை நான்தான். அவ வேற வீட்டுக்குப் போகப் பொறந்தவ" என்றும் சொன்னார். தங்கையோ தந்தையின் நாட்குறிப்புகளை ஒரு பையில் போட்டு மன்றத்தில் கொடுத்துவிட்டு அமர்ந்துகொண்டார். நீதியரசி அவற்றைப் புரட்டினார். 'இன்று பிள்ளையும் நானும் மாங்கன்று நட்டோம். பிள்ளைக்குக் காலில் முள் தைத்து மூன்று தையல்' என்று ஒரு நாளின் குறிப்பு. மருத்துவமனையின் பழைய பதிவேட்டை வரவழைத்தார். அந்நாளில் மூன்று தையல் போடப்பட்டது மகளுக்கு. மகன் அப்போது வெளியூர் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தார். ஆகவே அந்தத் தந்தையின் அகராதியில் பிள்ளை என்ற சொல்லுக்கு மகள் என்பதே பொருள் என்று, கண்ணை மூடியபடி நாற்பது பக்கத்துக்குத் தீர்ப்புரைத்தார். தம் செவியாலேயே அதைக் கேட்ட மகள், வேலை பார்க்கும் வெளிநாட்டுக்கு மறுநாளே திரும்பிவிட்டார். படி வாங்கிப் பார்க்கவில்லை. ஓய்வு பெற்றதும் வந்து தோட்டத்தில் ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம்.

நாற்பது பக்கத் தீர்ப்பில் ஊர் படிப்பது நாற்பதாம் பக்கத்தின் கடைசி வரியைத்தான். நகராட்சிக்குப் போய்ச் சேர்ந்த படியில் தோட்டம் மக்களுக்கே உரியது என்று இருந்தது, உடனே பூட்டைத் திறந்தார்கள், நடைபாதை போட்டார்கள், அவ்வரியையே கல்லில் வெட்டி வாயிலில் நாட்டினார்கள். மக்கள் என்ற சொல்லுக்குப் பெற்ற பிள்ளைகள் என்றும் பொருளுண்டு என்பதைக் கற்றோர் அறிவர். நல்லவேளையாக, அதை வைத்துப் பங்கு கேட்டு வர அந்த மகன் அவ்வளவு கற்றவர் அல்லர். தோற்ற கோபத்தில் ஊரை விட்டே போய்விட்டார். பதினோராண்டு கழித்துப் பெட்டியோடு வந்து இறங்கிய மகள், தம் தோட்டத்து வாயிலில் தமக்கு எதிரான கல்வெட்டைப் படித்து, பெட்டியின்மேலேயே உட்கார்ந்துவிட்டார். விண்ணப்பம் எழுதிய கால்நடை மருத்துவர் அவர்தான்.

அன்று மாலை வீட்டில், ஓய்வுபெற்ற கணக்காசிரியரான கணவர் மாதுளை உரித்துக்கொண்டிருந்தார். நீதியரசி எதிரில் அமர்ந்தார்.

"என்னங்க, என்னை ஏன் மக்கள் நீதியரசின்னு கூப்பிடறாங்கன்னு தெரியுமா?"

"மக்கள்கிட்ட அன்பாப் பழகறதால இருக்கும்னு நினைச்சேன். வீட்டுல பாத்தா அப்படித் தெரியலயேன்னு ஒரு சந்தேகமும் இருந்துச்சு."

அவர் நடந்ததைச் சொன்னார். கணவர் சிரிக்கத் தொடங்கியவர், மாதுளை முத்துகள் மடியெல்லாம் சிதற, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை என்பதைக் கண்டபின் மெல்ல நிறுத்தினார்.

"வெக்கமா இருக்குங்க. பதினோரு வருஷம் ஒரு எழுத்துப் பிழைக்கு மாலை வாங்கிப் போட்டுக்கிட்டிருக்கேன். நாலு நாள்ல விழா. ஊரே சிரிக்கப் போகுது."

"நாப்பது வருஷம் பிள்ளைங்க கணக்குல சிவப்பு மையால திருத்தியிருக்கேன். யாருக்கும் உயிர் போகல."

"அது மட்டும் இல்ல. இந்த விண்ணப்பம் தெரிஞ்சு அந்த ஊர்ல ரெண்டாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்காங்க, தோட்டத்தைப் பிடுங்கிடாதீங்கன்னு. தப்பு என்னோடது, இழப்பு அவங்களுக்கு. திருத்தலன்னா அந்தப் பொண்ணோட சொத்தை நானே பறிச்ச மாதிரி."

கணவர் சிதறிய முத்துகளைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட்டார். "என்ன செய்யப் போறேன்னு உனக்குத் தெரியும். எப்படிச் செய்யப் போறேங்கறதுதான் தெரியல. அதைச் சாப்பிட்டுட்டு யோசி" என்று கிண்ணத்தை நகர்த்தினார். அத்தனை ஆண்டு இல்வாழ்க்கையில் அவர் தந்த அறிவுரைகளில் பெரும்பாலானவை இவ்வாறு உணவிலேயே முடிந்தன. ஆயினும் அன்று அவருக்கு அது ஆறுதலாகத்தான் இருந்தது.

இருதரப்புக்கும் அறிவிப்பு அனுப்பி, விண்ணப்பம் விசாரணைக்கு வந்த நாள் நீதியரசியின் கடைசிப் பணிநாளாக அமைந்தது. நான்காம் மன்றத்தில் நிற்க இடமில்லை. சிற்றூரிலிருந்து இரண்டு பேருந்துகளில் வந்திறங்கியவர்கள், காலையில் நடப்போர், மாலையில் ஆடுவோர், பிறந்ததிலிருந்தே அத்தோட்டத்தைத் தமதென்று நினைத்திருந்த சிறுவர் சிறுமியர், பெஞ்சுகளில் நெருங்கி அமர்ந்து, நீதியரசியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தனர். நகராட்சிக்காக வந்தவர் பேச்சுப் பெருக்கால் 'வெள்ளம்' என்று பெயர்பெற்ற வழக்குரைஞர். எதிரே, கணுக்கால்வரை பூட்டிய காலணியோடு, குட்டையான உருவமும் நரைத்த கூந்தலுமாக, கால்நடை மருத்துவர் தனியே நின்றார்.

"நான் காதால கேட்டேம்மா" என்றார் மருத்துவர். "மகளுக்கேன்னு சொன்னீங்க. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல." சொல்லிவிட்டு உட்கார்ந்தும்விட்டார்.

வெள்ளம் எழுந்தார், அணை திறந்தது. குறிப்பேட்டுக் கோடு இரண்டுக்கும் இடம் தருகிறது என்றார். பதினோராண்டு வழக்கத்தைக் கலைக்கலாகாது என்றார். முதியோரின் முழங்கால் வலி அந்நடைபாதையால் குறைந்ததற்கு மருத்துவமனைச் சான்று ஒன்று வைத்திருந்தார், அதையும் படித்தார். இறுதியில் குரலைத் தாழ்த்தி, "அம்மா, பிழையாவே இருந்தாலும் இது நல்ல பிழை. இந்த ஒரு வரியால நாடே உங்களைக் கொண்டாடுது. இன்னிக்கு விடைபெறும்போது உங்க கையாலயே அதை அழிக்கணுமா?" என்று கேட்டார். சுருக்கெழுத்து மேசையில் மின்னல் கரிக்கோலை இறுகப் பற்றியிருந்தார். அன்று காலை மட்டும் அதை மூன்றுமுறை சீவியிருந்தார்.

நீதியரசி அன்று கண்ணை மூடவில்லை.

"கோடு ரெண்டுக்கும் இடம் குடுக்கலாம். தீர்ப்புல சொன்ன காரணம் இடம் குடுக்கல. முப்பத்தொன்பது பக்கம் மகளைப் பத்திச் சொல்லிட்டு நாப்பதாவது பக்கத்துல ஊருக்குக் குடுக்க எனக்குப் பைத்தியமா? நான் சொன்னது மகள்னு எனக்கு நினைவிருக்கு. படிக்காம கையெழுத்துப் போட்டதும் நினைவிருக்கு. தப்பு என்னோடது, எழுதினவர் மேல ஒரு குறையும் இல்ல. நல்ல பிழைன்னு சொன்னீங்க. அடுத்தவங்க பொருளை எடுத்துக் குடுத்து நல்ல பேர் வாங்க எனக்கு உரிமை இல்ல. அந்த ஒற்று நீக்கப்படுது."

பெஞ்சுகளில் பெருமூச்சு எழுந்தது. ஒரு சிறுமி விசும்பினாள். திருத்திய தாளை மின்னல் தட்டச்சிட்டுக் கொண்டுவந்து நீட்டினார். எழுதுகோலைத் திறந்த நீதியரசி, மறுபடி மூடி வைத்தார்.

"போன தடவை படிக்காம போட்டேன். இந்தத் தடவை முழுசாப் படிச்சுட்டுத்தான் போடுவேன். நாப்பது பக்கம். வாய்விட்டே படிக்கறேன். அவசரம் இருக்கறவங்க போகலாம்."

எவரும் போகவில்லை. பக்கத்து மண்டபத்தில் விழாவுக்காக வைத்த தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. விழாக் குழுவினர் இருமுறை எட்டிப்பார்த்துவிட்டு, மூன்றாம் முறை தாமும் வந்து சுவரோரம் நின்றுகொண்டனர். நீதியரசி படித்தார். தந்தையின் நாட்குறிப்புகள் ஒவ்வொன்றாக வந்தன. மாங்கன்று நட்ட நாளும், பிள்ளையின் காலில் முள் தைத்த நாளும் வந்தபோது, காலை நடையினர் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தனர். "வளைவுல இருக்கற மாமரம்தானே அது" என்றது ஒரு குரல். மன்ற ஏவலர் அதட்ட வாயெடுத்தார். நீதியரசி கையமர்த்திவிட்டு மேலே படித்தார். கிணற்றடி அத்தியைப் பிள்ளை தன் உயரத்துக்கு நட்டு, ஒவ்வோர் ஆண்டும் அதனோடு முதுகு சேர்த்து நின்று அளந்ததும், மூன்றாம் ஆண்டில் மரம் முந்திவிட அன்று முழுதும் சாப்பிட மறுத்ததும் வந்தன. பெஞ்சுகளில் சிரிப்பு ஓடியது. எலுமிச்சைக்கு நோய் கண்டபோது பிள்ளை பள்ளிக்குப் போக மறுத்து அதற்குக் காவலிருந்ததைப் படித்தபோது, "அதான் இன்னும் காய்க்குது" என்று ஒரு பெண்மணி தமக்குள் சொல்லிக்கொண்டார். கடைசி வரியை மட்டும் கல்லில் வெட்டி வைத்த ஊர், பதினோராண்டாகத் தான் எவருடைய நிழலில் உட்கார்ந்திருந்தது என்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது.

முப்பத்தொன்பதாம் பக்கம் புரண்டபோது மணி நான்கைத் தாண்டியிருந்தது. மன்றத்தில் ஒருவரும் நீதியரசியைப் பார்க்கவில்லை. எல்லாரும் அந்தக் குட்டையான பெண்மணியையே பார்த்துக்கொண்டிருந்தனர். அவரோ மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு, தலை நிமிராமல், இறந்த தந்தையின் சொற்களை ஊர் நடுவே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஆதலின்" என்று படித்து நிறுத்தினார் நீதியரசி. "இத்தோட்டம் மகளுக்கே உரியது."

கையொப்பமிட்டார். ஏவலர் சொல்லாமலே கூட்டம் எழுந்து நின்றது. எதிர்த்தரப்பு வழக்குரைஞராகிய வெள்ளம்தான் முதலில் கைதட்டினார் என்பதை இங்கே எழுதாவிட்டால் அவருக்கு அநீதி செய்தவன் ஆவேன்.

மருத்துவர் எழுந்தார். "எங்கண்ணன் அந்தக் கூண்டுல நின்னு, அப்பாவுக்கு ஒரே பிள்ளை நான்தான்னாரு. இத்தனை வருஷமா அது காதுல கேட்டுக்கிட்டே இருந்துச்சு. இனிமே கேக்காது" என்றார். பிறகு பெஞ்சுகளின் பக்கம் திரும்பினார். "எனக்கு ஒண்ணு தெரியணும். மூணு வருஷம் முன்னால மழையே இல்லன்னு செய்தியில பாத்தேன். மரமெல்லாம் பட்டுப் போயிருக்கும்னு அழுதுட்டேன். வந்து பாத்தா எல்லாம் நிக்குது. தண்ணி யாரு ஊத்தினது?"

கூட்டம் தயங்கியது. பிறகு முன்வரிசையில் தொப்பி அணிந்த முதியவர் ஒருவர், பிடிபட்டவர்போலத் தலையைச் சொறிந்தபடி, "நாங்கதாம்மா. வீட்டுக்கு ரெண்டு குடம்னு முறை வச்சுக்கிட்டோம். உங்களதுன்னு தெரியாது" என்றார்.

மருத்துவர் தலையைக் குனிந்துகொண்டார். முதியவர் அதைக் கோபம் என்று எண்ணிக்கொண்டார் போலும்.

"அந்த வளைவு மாமரத்துல பிள்ளைங்களுக்கு ஊஞ்சல் ஒண்ணு கட்டியிருக்கோம். நாளைக்கே அவிழ்த்துடறோம்மா."

"அவிழ்க்காதீங்க" என்றார் மகள். "கொஞ்சம் தாழ்த்திக் கட்டுங்க. நான் குள்ளம்."

நான்காம் மன்றத்தில் அவ்வளவு பெரிய சிரிப்பு அதற்கு முன்னும் எழுந்ததில்லை, பின்னும் எழுந்ததாகக் கேள்வியில்லை. மின்னல் சிரித்துக்கொண்டே அழுதார். எழுதவேண்டியது அதுவன்று என்பதையும் மறந்து குறிப்பேட்டில் ஏதோ கோடு இழுத்தார். உயர்ந்த இருக்கையில் மேலங்கியோடு அமர்ந்திருந்தவரும் அடக்கமாட்டாமல் சிரித்தார். பதவியின் கடைசி நாழிகையை அவர் கழித்தது இவ்வாறுதான். கற்றோரே, பட்டங்கள் ஊரார் தருவன. தவறிக் கொடுத்ததை ஊராரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு இருக்கையை விட்டு இறங்குவோர் சிலரே. அன்று அவர் அவ்வாறே இறங்கினார். அவர் நடையில் பதினோராண்டில் எவரும் காணாத ஒரு துள்ளல் இருந்தது.